ஒரு வாளி வெந்நீர்

மூன்றாவது மாடி ஏறி முடித்தபோது குகனின் வலது தோள் இற்றுப்போயிருந்தது. கேஸ் சிலிண்டரும் கருவிப்பையும் அந்த ஒரே தோளில்தான். காலையிலிருந்து வயிற்றில் ஒரு டீ மட்டும். தூறல் வேறு.

மொட்டைமாடிக் கதவைத் திறந்தவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

"பத்து மணிக்கு வர்றேன்னீங்க. இப்ப ஒன்றரைங்க."

"வண்டி செயின் அறுந்துபோச்சுங்க."

"மெக்கானிக்குகளுக்கு மட்டும் எப்படீங்க சொல்லி வச்சாப்ல அறுந்துபோகுது?"

உதடு சிரிக்கவில்லை. கண்கள் சிரித்தன... தூறலில் இமை நனைந்த பெரிய கண்கள். குகன் தலையைக் குனிந்துகொண்டான். முப்பத்தாறு வயது. பெண் பார்த்த வீடுகளில் எல்லாம் "மெக்கானிக்கா..." என்று இழுத்ததைக் கேட்டே பழகியவனுக்கு, ஒருத்தி கேலி செய்வதே புதிதாக இருந்தது.

அவள் பெயர் சித்ராதேவி. பனியன் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். மாடி மூலையில் நின்றது, காற்றிலிருக்கும் சூட்டை எடுத்துத் தண்ணீருக்குக் கொடுக்கும் ஹீட் பம்ப்.

"ரெண்டு வருஷ போனஸ்ல எங்கம்மாவுக்கு வாங்குனதுங்க. முப்பது வருஷம் சாயப்பட்டறைத் தண்ணில நின்ன காலு. சுடுதண்ணி ஊத்துனாத்தான் மடக்க முடியும்..." குரல் கொஞ்சம் இறங்கியது. "நாளன்னிக்கு அம்மாவோட முதல் திதி. சொந்தக்காரங்க வந்து தங்குவாங்க. பழைய ஊட்டுலயிருந்து இதத் தூக்கிட்டு வந்து வச்சதோட சரி. ஓடும், அரை மணி நேரத்துல நின்னுரும்."

குகன் பிரஷர் பார்க்கும் கேஜை மாட்டி மெஷினை ஓட்டினான். சிவப்பு முள் ஏறியது... ஏறிக்கொண்டே போனது. தண்ணீர் வெதுவெதுப்பாவதற்குள் பிரஷர் எல்லை தாண்டி, மெஷின் தானாக நின்றது.

"கேஸ் கம்மிங்களா?"

"அதிகங்க. அளவுக்கு மேல அடச்சு வச்சிருக்கான்." முன்தகட்டைக் கழற்றினான். உள்ளே, காற்று நுழையும் 'காயில்' சுருள் முழுக்கக் கம்பளி போர்த்தியதுபோலப் பஞ்சு. "பழைய ஊட்டுக்குப் பக்கத்துல நிட்டிங் கம்பெனிங்களா?"

"சுவத்தோட சுவருங்க."

"அதான். பஞ்சு அடச்சா காத்து போகாது. காத்து போகலைன்னா ஒரு பக்கம் பிரஷர் எறங்கும். முள்ளு எறங்குனத மட்டும் பாத்துட்டு, கேஸ் கம்மின்னு ஊத்திட்டுப் போயிருக்கான். பஞ்சத் தட்டியிருந்தா பத்து நிமிஷ வேலைங்க. எந்தச் சோம்பேறி பண்ணுனானோ."

அவள் முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தாள். "நல்லாத் திட்டுங்க. கேக்க நெம்ப சந்தோசமா இருக்குது."

டீ கொண்டுவந்தாள். "திதிக்கு வந்து சாப்புட்டுப் போங்க. இங்க கூப்புடறதுக்கு எனக்கு ஆளு கம்மி."

டம்ளரை நீட்டிய கையில், மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வெந்து ஆறிய தழும்பு. அவன் பார்ப்பதை அவளும் பார்த்தாள்.

"மெஷின் நின்னப்ப அடுப்புல தண்ணி காயவச்சுத் தூக்குனேன். கொட்டிக்கிச்சு. அதப் பாத்துட்டு எங்கம்மா, 'பச்சத்தண்ணியே போதுங் கண்ணு'ன்னுருச்சு. கார்த்திகைக் குளிருங்க... கடைசி நாப்பது நாளும் பச்சத்தண்ணிதான்."

குகன் டம்ளரைக் கீழே வைத்தான். அந்தக் கையை ஒருமுறை பிடித்து... நினைப்பை அங்கேயே வெட்டிவிட்டு, பிரஷ்ஷை எடுத்துப் பஞ்சைத் தேய்த்தான். தகட்டின் ஓரத்தில் கருப்பு மார்க்கர் எழுத்து தெரிந்தது. கேஸ் ஊற்றிய தேதி. கீழே 'கு'.

அவன் எழுத்து.

போன வருஷம், தீபாவளி சீசன். ஒரு நாளைக்கு ஏழு வீடு. அந்தப் பழைய வீட்டுக் கதவைத் திறந்தது ஒரு வயதான அம்மாள். அவள் பெயர் செல்லாத்தாள் என்று பில்லில் எழுதியது நினைவுக்கு வந்தது. "மொகமே வாடிக் கெடக்குதே கண்ணு" என்று உட்காரவைத்து நாலு இட்லி போட்டாள். தின்றான். கேஸை ஊற்றினான். அடுத்த வீட்டுக்கு ஓடினான்.

பையில் மார்க்கர் மையை அழிக்கும் தின்னர் இருந்தது. ஒரு துடைப்பு போதும். இவளுக்கு எதுவும் தெரியாது. திதிக்கு வரலாம். அப்புறமும் வரலாம்...

"ஏனுங்க, இங்க பாருங்க." தகட்டின் ஓரத்தைக் காட்டினான். "அந்தச் சோம்பேறி நான்தானுங்க."

எழுத்தையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். கண்ணில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

"அப்ப பில்லுல இருந்த வேற நம்பருக்கு மூணு தரம் கூப்புட்டேன்."

"தெரியுங்க. எடுக்கல."

குகன் பிரஷ்ஷைக் கீழே வைத்தான்.

"இதத் தொடச்சிருப்பேனுங்க. ஆனா நீங்க கேலி பண்ணிட்டு டீ குடுத்தீங்க... நாளைக்கும் இந்த மாடி ஏறோணும்னு ஆசை வந்துருச்சு. பொய்யோட ஏற முடியாதுங்க."

அவள் கீழே இறங்கிப் போனாள்.

குகன் கேஸ் முழுவதையும் வெளியே இழுத்தான். காயிலைக் கழுவினான். தராசில் நிறுத்து, சரியான அளவை மட்டும் திரும்ப ஏற்றினான். இரண்டு மணி நேரம் ஆனது. முட்கள் இரண்டும் நிற்கவேண்டிய இடத்தில் நின்றன. குழாயைத் திறந்து வாளியில் பிடித்தான். ஆவி பறந்தது.

எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, தழும்புக் கையை வாளிக்குள் விட்டாள். வெகுநேரம் எடுக்கவில்லை.

"எங்கம்மா உங்களத் திட்ட உடல. 'பசியோட வந்த பையன், நல்லாத்தான் செஞ்சிருப்பான், மெஷின்தான் சரியில்ல'ன்னே சொல்லிக்கிட்டு இருந்துச்சு."

அவன் தலை நிமிரவில்லை. "திதிக்கு..."

"வராதீங்கன்னு சொல்லத் தெரியலீங்க. வாங்கன்னு சொல்லவும் வாய் வரல."

சிலிண்டரைத் தோளில் ஏற்றிக்கொண்டு இறங்கினான். மாடியில் அந்த வாளி தூறலில் ஆறிக்கொண்டிருந்தது. செல்லாத்தாள் கையால் அவன் நாலு இட்லி தின்றிருந்தான். அவளுக்கு அவன் தரவேண்டியது ஒரு வாளி வெந்நீர். அது இன்னும் பாக்கி.