டோக்குன்போவை அழிக்கவா?

கணினி அவள் பெயரைச் சரியாக உச்சரித்தது. அதுதான் முதல் தவறு.

இபிரோன்கே கையில் துடைப்பத்தோடு கூடத்தின் நடுவில் நின்றுவிட்டாள். வெளியே ஜனவரியின் ஹார்மட்டான் காற்று, பாலைவனத்துப் புழுதியை ஜன்னல் வலைகளில் ஓயாமல் சலித்துக்கொண்டிருந்தது. பகல் பன்னிரண்டு மணிக்கும் சூரியன் மங்கிப்போன தட்டு மாதிரித் தொங்கியது. பக்கத்து வீட்டு ஜெனரேட்டரின் உறுமலும் தொலைவில் ஒரு ஆட்டின் கத்தலும் அந்த வெண்மூட்டத்துக்குள் பஞ்சு சுற்றியவை போலக் கேட்டன. அவள் பெயர் எல்லா வாய்க்கும் அடங்கும் பெயர் அல்ல. முதல் அசை கிணற்றுக்குள் இறங்க வேண்டும், மீதி மூன்றும் மேலே ஏறி நிற்க வேண்டும். யொரூபா பேசிப் பிறக்காத நாக்கு அதைத் தட்டையாகச் சப்பித் துப்பிவிடும். லண்டனிலிருந்து கப்பலில் வந்த இந்த இயந்திரமும் நான்கு வாரங்களாக அவளை "ஐபிரான்கி" என்றுதான் வாசித்தது. ஒவ்வொரு முறையும் அம்மா தொடையில் தட்டிச் சிரிப்பாள்.

இன்று அம்மா சிரிக்கவில்லை. கண்ணில் புரை விழுந்த முகத்தைத் திரையை நோக்கி நீட்டி, கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பழைய கணினி டிசம்பர் கடைசியில், ஒரு பொசுங்கல் நாற்றத்தோடு செத்துப்போனது. அது இல்லாமல் வீடு நடக்காது. அண்ணன் டோக்குன்போவின் கடிதங்கள் அதில்தான் வரும். "எனக்குக் கண்ணு தெரியாது, ஆனா கூடவே வருவேன்" என்று அம்மா பிடிவாதம் பிடிக்க, இருவரும் டுக்பே சந்தைக்குப் போனார்கள். சுலைமோனின் கடை ஒரு கப்பல் கொள்கலனுக்குள் இருந்தது. அவன் தொப்பையைத் தடவிக்கொண்டே பேசினான்.

"புதுசு வேணாம் மம்மி. இங்க புதுசுன்னு விக்கிறதுல பெட்டி மட்டும்தான் புதுசு. டோக்குன்போ எடுங்க. டோக்குன்போதான் உழைக்கும்."

டோக்குன்போ என்றால் கடல் கடந்து திரும்பி வந்தது என்று பொருள். அயல்நாட்டில் பிறந்து வீடு வந்த பிள்ளைக்கு வைக்கும் பெயர். அங்கே புழங்கிவிட்டு இங்கே வந்திறங்கும் காருக்கும் குளிர்பெட்டிக்கும் கணினிக்கும் ஊர் அதையே வைத்துவிட்டது.

"என் மூத்தவன் பேரும் அதுதான். லீட்ஸ்ல பொறந்தான்," என்றாள் அம்மா. "ஆனா உழைப்பு எங்க? நாலு வரி எழுதறதுக்குள்ள அவனுக்குக் கை வலிச்சிடும்."

"அப்போ இது உங்க ரெண்டாவது பிள்ளை!" சுலைமோன் ஒரு கறுத்த பெட்டியின் முதுகில் தட்டினான். "ஆனா உள்ள பழைய ஆளோட சாமானெல்லாம் அப்படியே கிடக்கு. வாசிச்சுக் காட்டற குரல்கூட இருக்கு. பார்வை இல்லாத யாரோ வச்சிருந்திருப்பாங்க போல. மொத்தமா துடைச்சிட்டு விண்டோஸ் போடட்டுமா, லினக்ஸ் போடட்டுமா? அக்கா, நீங்க சொல்லுங்க. டோக்குன்போவை அழிச்சிடவா?"

அம்மா கைத்தடியைத் தரையில் ஓங்கிக் குத்தினாள். "என்ன சொன்னே? நாக்கை உள்ள வை! என் காது கேக்க டோக்குன்போவை அழிக்கறதாம்!"

"ஐயோ மம்மி, நான் மெஷினைச் சொன்னேன்."

"எதைச் சொன்னா என்ன? வாயிலேர்ந்து வந்தது வந்ததுதானே. டோக்குன்போமேல ஒருத்தனும் கை வைக்கக்கூடாது. அப்படியே கட்டிக் குடு."

சுலைமோன் விழுந்து விழுந்து சிரித்தான். இபிரோன்கேயால் சிரிக்க முடியவில்லை. அழி என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தொண்டை வரை வந்தது. அந்தப் பெயரோடு அந்த வினையைச் சேர்த்துச் சொல்ல அவள் ஒருத்தியால் மட்டும் முடியாது. சுலைமோன் ஒரு லினக்ஸ் வட்டை அவள் பைக்குள் நழுவவிட்டான். "மம்மி தூங்கறப்போ போட்டுக்குங்க அக்கா. அதுவே கேக்கும், அதுவே செஞ்சுக்கும்."

டோக்குன்போ போன ஏப்ரலில் லீட்ஸில் இறந்துவிட்டான்.

பிள்ளையின் சாவைப் பெற்றவளிடம் எடுத்த எடுப்பில் சொல்வதில்லை. பெரியவர்கள் கூடி, நாள் தள்ளித் தள்ளி, அவளைத் தாங்கிப் பிடிக்க ஆள் வைத்துக்கொண்டுதான் சொல்வார்கள். அம்மாவுக்கு இதயம் வேறு பலவீனம். செய்தி வந்த அன்று சித்தப்பா லாடிபோ வாசலிலேயே இபிரோன்கேயின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "அவகிட்ட மூச்சு விடாதே. கேட்ட அன்னிக்கே அவளும் போயிடுவா. அப்புறம் அது உன் தலையிலதான்."

அதனால் மாதம் இரண்டு கடிதங்களை இபிரோன்கே எழுதினாள். அண்ணன் எழுதுவது போலவே, ஆங்கிலத்தில், அவசர அவசரமாக. எழுதியவளே வந்ததாகச் சொல்லி வாசித்தும் காட்டினாள். நான்காவது கடிதத்தில் ஒரு வரி சேர்த்தாள்: இபிரோன்கே உன்னை நன்றாகப் பார்த்துக்கொள்கிறாள், அவளைத் திட்டாதே அம்மா. அன்று இரவு உணவில் அம்மா தன் தட்டிலிருந்த இறைச்சித் துண்டை விரலால் தடவி எடுத்து மகளின் அமலாக் களி மேல் வைத்தாள். இபிரோன்கேக்கு நாற்பத்தொரு வயது. அதுதான் முதல் தடவை. அம்மாவைத் தெரு முழுக்க டோக்குன்போவின் அம்மா என்றுதான் கூப்பிடும். இபிரோன்கேயின் அம்மா என்று ஒரு நாயும் கூப்பிட்டதில்லை. உயிரோடு இருந்தவரை எல்லாவற்றையும் தானே எடுத்துக்கொண்ட அண்ணன், செத்தபிறகு தங்கைக்கு ஒரு துண்டு இறைச்சி வாங்கித் தந்தான். அதற்குப் பின் ஒரு கடிதமும் அந்த வரி இல்லாமல் போனதில்லை.

புதுக் கணினி வந்ததும் வாசிக்கும் வேலை அவள் கையைவிட்டுப் போயிற்று. அம்மா ஒரு பொத்தானை அமுக்கினால் போதும், களைத்துப்போன ஆங்கிலேயன் ஒருவனின் குரல் வாசித்துவிடும். முதல் கடிதத்தை முழுதாக வாசித்தது; அம்மா அதையே திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள். இரண்டாவதில் அந்த ஒரு வரியை மட்டும் விட்டுவிட்டு அடுத்ததற்குத் தாவியது. ஏதோ கோளாறு என்று இபிரோன்கே நினைத்தாள். இன்று மூன்றாவது. இன்று அது அந்த வரிக்கு வந்து, ஒரு கணம் நின்று, கிணற்றில் இறங்கி ஏறுகிற அவள் பெயரைச் சொல்லிற்று.

"இபிரோன்கே உன்னை நன்றாகப் பார்த்துக்கொள்கிறாள், என்கிறாள் இபிரோன்கே."

அவள் ஓடிவந்து திரையைப் பார்த்தாள். அவள் எழுதிய வரி, எழுதியபடியே இருந்தது. கடைசி இரண்டு வார்த்தைகள் அங்கே இல்லை.

"குரல் இன்னிக்கு நல்லா இருக்கு," என்றாள் அம்மா.

அன்று பிற்பகலிலிருந்து வீட்டில் ஒரு வாடை. ஹார்மட்டானில் எல்லாம் காய்ந்து கிடக்கும். உதடு வெடிக்கும், கதவுச் சட்டம் விரிசல் விடும், துணி அரை மணியில் மொடமொடத்துவிடும். அந்த வறட்சிக்கு நடுவில் கூடத்தின் மூலையில் மட்டும், நெடுநாள் திறக்காத அறையின் ஈரம், கம்பளித்துணி ஊறிய நெடி, திரிந்த பாலின் புளிப்பு. அவள் கணினியின் முதுகுப்புறம் கையை வைத்துப் பார்த்தாள். சூடாக வரவேண்டிய காற்று குளிர்ந்து வந்தது. உள்ளங்கை பிசுபிசுத்தது.

மறுநாள் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவள், குரல் கேட்டுக் கத்தியை நிறுத்தினாள். அது யொரூபாவில் பேசிக்கொண்டிருந்தது. நீண்ட வாக்கியங்களுக்கு முன்னால் மெல்லிதாக ஒரு ஒலி. அது என்னவென்று புரிய அவளுக்குக் கொஞ்சம் நேரமாயிற்று. மூச்சு இழுக்கிறது.

அவள் எதையும் எழுதவில்லை. அனுப்பவும் இல்லை.

கூடத்துக்கு வந்தபோது குரல் நின்றுவிட்டது. திரையில் வெற்று வெள்ளைத் தாள். ஓரத்தில் ஒரு கோடு கண் சிமிட்டிக்கொண்டிருந்தது.

"யார்கிட்டம்மா பேசறே?"

"உங்கண்ணன்கிட்டதான். வேற யாரு எங்கிட்ட பேசறாங்க இந்த வீட்டுல?" அம்மா நெற்றியைச் சுருக்கினாள். "ஏண்டி, பதினோரு நாளா அவன் கதவை ஒருத்தரும் தட்டலையாமே. என்ன ஊருடி அது?"

வாடகை அறையில் அண்ணன் செத்துக் கிடந்ததும், நாற்றம் வந்த பிறகுதான் கதவை உடைத்ததும், அது பதினோராவது நாள் என்பதும் இந்த ஊரில் இரண்டே பேருக்குத் தெரியும். சித்தப்பாவுக்கு. அவளுக்கு.

"வேற... வேற என்ன சொன்னான்?"

"மீதியை நாளைக்குச் சொல்றேன்னான். நான் உக்காந்துக்கிட்டுக் கேக்கணுமாம்."

அடுத்த நாள் சாப்பாட்டை முன்கூட்டியே வைத்தாள். அம்மா எபா உருண்டைகளை விழுங்கிவிட்டு, முனகிக்கொண்டே படுக்கப் போனாள். குறட்டை கேட்டது. இபிரோன்கே வட்டைச் செருகினாள். நாளை என்பது இன்று. அது வாயைத் திறப்பதற்குள் முடித்துவிட வேண்டும். அம்மா கேட்டால் போய்விடுவாள். போகும்போது அந்தக் கடிதங்கள் யாருடையவை என்று தெரிந்துகொண்டே போவாள்.

திரை கறுத்தது. மொழி கேட்டது. நேரம் கேட்டது. பிறகு, எல்லாக் கணினியிலும் கேட்பது போலவே, ஒரு சின்னக் கட்டத்துக்குள் சாதுவாகக் கேட்டது: இந்தக் கணினியில் ஏற்கெனவே இருக்கும் அமைப்புக்குப் பக்கத்தில் புதியதை வைக்கவா, அல்லது இருப்பதை அழித்துவிட்டு வைக்கவா?

இருக்கும் அமைப்பின் பெயர் எழுதியிருக்க வேண்டிய இடத்தில், டோக்குன்போ என்று இருந்தது.

அவள் சுட்டியைக் கீழே நகர்த்தினாள்.

மூச்சு இழுக்கும் ஒலி.

"இபிரோன்கே." இறங்கி, ஏறி. அண்ணனின் குரல்தான். பின்னாலிருந்து ஜடையைப் பிடித்து இழுக்கும்போது வருகிற அதே கொஞ்சல். "அழிச்சிட்டா நான் எங்கடி போவேன்?"

"நீ அவன் இல்ல."

"நீயும்தான் இல்ல. ஆனா எழுதினியே."

அழுத்தினாள்.

பச்சைப் பட்டை நகர்ந்தது. பத்து. முப்பது. உள்ளே விசிறி இரைந்தது. அறுபது. வாடை மூக்கை அடைத்தது. தொண்ணூறு. அவள் இரண்டு கைகளாலும் மேசையைப் பிடித்திருந்தாள். நூறு.

அமைதி.

புத்தம்புதுத் திரை எழுந்து வந்தது. குப்பை இல்லை, வெற்றுத் தாள் இல்லை. குரல் பொத்தானை அமுக்கினாள், ஒன்றும் இல்லை. கை வைத்துப் பார்த்தாள். சூடான, வறண்ட காற்று. வாடை போயிருந்தது. ஜெனரேட்டர் மறுபடி தெளிவாக உறுமியது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. இனி கடிதங்களை அவளே வாசிப்பாள், பழையபடி. குரல் கெட்டுப்போச்சும்மா என்று சொன்னால் முடிந்தது. அவள் உட்கார்ந்தாள். சூட்டோடு சூடாக, அடுத்த கடிதத்தைத் தட்ட ஆரம்பித்தாள். அன்புள்ள அம்மா. நான் நலம். இபிரோன்கே உன்னை

பின்கட்டில் தாழ்ப்பாள் விலகும் சத்தம்.

குறட்டை நின்று எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

"அம்மா?"

படுக்கை காலி. போர்வை ஒதுங்கிக் கிடந்தது. கைத்தடி சுவரில் சாய்ந்திருந்தது. தடியில்லாமல் அம்மா இரண்டு எட்டுகூட வைக்கமாட்டாள்.

நடை இருண்டிருந்தது. அதன் கோடியில் பின்கதவு. திறந்த கதவு நிறைய வெள்ளைப் புழுதி, பகல் வெளிச்சம், வேறு ஒன்றும் இல்லை. வாசற்படியில் அம்மா, இவளுக்கு முதுகு காட்டி நின்றிருந்தாள். இரண்டு கைகளையும் உயர்த்தி, தன்னைவிட உயரமான எதையோ கட்டிக்கொண்டிருந்தாள். கன்னம் பக்கவாட்டில் சாய்ந்து, காற்றில் அழுந்தியிருந்தது.

"வந்துட்டாண்டி," என்றாள் அம்மா. குரல் தழுதழுத்தது. "இருந்த இடத்தைவிட்டுத் துரத்திட்டாங்களாம் பாவிங்க. நேரா வீட்டுக்கே வந்துட்டான்."

"அம்மா, அங்க யாரும் இல்ல. உள்ள வா. அம்மா."

"எல்லாம் சொன்னான். யார் எழுதினா, யார் வாசிச்சா. எல்லாம்."

அம்மா செத்துவிடவில்லை. அழவும் இல்லை. இபிரோன்கே ஓர் அடி வைத்தாள். இன்னொன்று. அப்போதுதான் அம்மாவின் முதுகைப் பார்த்தாள்.

மெல்லிய நீலச் சட்டைத்துணி. அதில் பள்ளங்கள். தோள்பட்டைக்குக் கீழே இடப்பக்கம் ஐந்து, வலப்பக்கம் ஐந்து. விரல் அளவுக்கு, நீளவாக்கில். துணி சதையோடு அழுந்தியிருந்தது. அம்மா மூச்சுவிடும்போதும் அவை அசையவில்லை. அம்மாவின் குதிகால்கள் தரையில் இல்லை.

"உன்னையும் கூப்பிடறான்," என்றாள் அம்மா, திரும்பாமலே. "வா. வந்து உங்கண்ணனைக் கட்டிக்கோ."

இடப்பக்கத்துப் பள்ளம் ஒன்று நிமிர்ந்தது. அடுத்தது. அடுத்தது. ஐந்தும் நிமிர்ந்து, துணி அந்தப் பக்கம் மட்டும் சமமாயிற்று.

வலப்பக்கத்து ஐந்தும் அப்படியே இருந்தன.