அசையாத புல்

தங்கையின் படத்தில் ஒரு தப்பு இருந்தது. பரிசு கொடுத்தவர்கள் கவனிக்காத தப்பு.

அக்காதான் அதைக் கண்டுபிடித்தாள். அவளைத் தவிர வேறு யார் அந்தப் படத்தை அத்தனை நேரம் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கப் போகிறார்கள்? அவளுடைய ஸ்டூடியோவில், அவளுடைய நாற்காலிக்கு எதிரிலேயே, அம்மா அதைப் பெரிதாக்கி மாட்டியிருந்தாள். பாஸ்போர்ட் படத்துக்கு வருகிறவர்கள்கூடத் தலை சீவுவதை நிறுத்திவிட்டு, "நீங்க எடுத்ததா?" என்பார்கள். "தங்கச்சி" என்று சொல்லும்போதெல்லாம் அவளுக்கு வயிறு எரியும். கேமரா பிடிக்கக் கற்றுக்கொடுத்ததே அவள்தான்.

ஆளில்லாத பண்ணை வீடு, சுற்றிலும் இடுப்பளவு புல். ஷட்டரை நாலு நிமிஷம் திறந்தே வைத்து எடுத்தது. அப்படி எடுத்தால் அசையாதது மட்டும் தெளிவாக விழும், அசைவதெல்லாம் புகையாகிவிடும். காற்றில் புல்வெளி முழுக்கப் புகையாகியிருந்தது. வாசற்படியருகே மட்டும், ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு, ஒவ்வொரு புல்லும் தெளிவாக விறைத்து நின்றது.

"அந்த எடத்துல மட்டும் காத்தே அடிக்கலையாடி?" என்று போனில் கேட்டாள்.

"எனக்கும் புரியலக்கா. ஒண்ணு எடுத்தேன், அடுத்தது எடுக்க மனசு வரல. வந்துட்டேன்." சிரிக்கப் பார்த்தாள். "நீ அங்க போகாத. நீ படம் எடுக்கறதே பஸ்ஸப் புடிக்க ஓடற மாதிரி இருக்கும். உனக்கு அது சரிப்படாது."

நல்ல இடத்தைத் தனக்கே வைத்துக்கொள்ளப் பார்க்கிறாள். அன்று சாயங்காலமே அக்கா கிளம்பிவிட்டாள்.

காற்று தகரக் கூரையின் ஓர் ஓரத்தைத் தூக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தது. மக்கிய வைக்கோலின் வாடையும் துருவின் வாடையும் கலந்து வர, வீட்டின் நிழல் கிணற்றைத் தாண்டி, வேலியைத் தாண்டி, அவளை நோக்கி மெல்ல நீண்டது. ட்ரைபாடை ஊன்றி ஷட்டரைத் திறந்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவசரமே படக்கூடாது.

முதல் படத்தில் வாசற்படியருகே அதே அசையாத புல்திட்டு. இதை மாட்டினால் தங்கையைப் பார்த்துக் காப்பியடித்தது என்பார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி திறந்தாள்.

இந்த முறை வாசற்படியருகே வெறும் புகை. திட்டு கிணற்றடியில் நின்றது.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். ஆனால் ஒரே படத்தோடு பயந்து ஓடியவள் தங்கை. தானும் ஓடுவதா? பையை இறக்கி வைத்தாள்.

மூன்றாவதில் கிணற்றடியில் இல்லை. வேலியருகே. வேலிக்கு இந்தப் பக்கம்.

ஒன்று, ஒன்றே ஒன்று சுத்தமாக விழுந்தால் போதும். திறந்தாள். தகரம். வீட்டுக் கதவின் கீல் கிறீச்சிடும் சத்தம். தகரம். மூச்சை அடக்கிக்கொண்டாள்.

ஷட்டர் மூடியது.

திட்டு எங்கேயும் இல்லை. வாசலில் இல்லை, கிணற்றடியில் இல்லை, வேலியில் இல்லை. ஓரத்துக்கு ஓரம் புகை, நடுவில் வீடு. தங்கையுடையதைவிட அழகு. அவள் வாய்விட்டுச் சிரித்தாள். உடனே போன் போட்டாள்.

"அடியே, எனக்குச் சுத்தமா விழுந்துடுச்சு. அந்தத் திட்டு படத்துலயே இல்ல."

"படத்துல இல்லன்னா... அப்ப எங்கக்கா?"

முகத்தில் அடித்துக்கொண்டிருந்த முடி தோளில் இறங்கிப் படிந்தது.

எதிரே புல்வெளி முழுதும் சாய்ந்து சாய்ந்து எழுந்தது. ட்ரைபாடைச் சுற்றி, அவள் கால்களைச் சுற்றி, ஒரு புல்கூட அசையவில்லை.