சபேலாவுக்கு நேர்ந்த பெட்டி

கோயில் சுவரோரம் சாய்த்து வைத்திருந்த சவப்பெட்டிகளின் வரிசையில் கடைசியாக ஒரு வெள்ளைப் பெட்டியும் நின்றது. அது அங்கே இருக்கக் கூடாது. வேண்டாம் என்று எலாதியோ தன் வாயாலேயே சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

“இதை யாரு எடுத்து வெச்சது?” என்று எலாதியோ கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை செல்சோவிடம் கேட்டான்.

மெழுகுத்திரி விற்றுக்கொண்டிருந்த செல்சோ நிமிரக்கூட இல்லை. “நீதான் மனசு மாறிட்டியாக்கும்னு நினைச்சேன். காலையில வரும்போதே வெளியில நின்னுச்சு.”

“உள்ளார வெச்சுப் பூட்டியிருந்த பெட்டி எப்படிய்யா வெளியில வரும்?”

“திருவிழாவும் அதுவுமா என் உயிரை எடுக்காத. போய்ப் படு. உன் பல்லக்கு ரெடியா இருக்கு.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். புனித மார்த்தம்மாள் திருநாளில் அந்த ஊரில் இந்த மாதிரிப் பேச்சுக்கு யாரும் கோபித்துக்கொள்வதில்லை. சாவின் வாசல்வரை போய்த் திரும்பியவர்கள் மூடாத பெட்டியில் படுத்துக்கொள்ள, சொந்தக்காரர்கள் தோளில் தூக்கி, கல்லறைத் தோட்டத்தைச் சுற்றி வந்து கோயில் படியில் இறக்கிவைப்பார்கள். அதுவரை உள்ளே படுத்திருப்பவர் வாய் திறக்கக் கூடாது, எழுந்திருக்கக் கூடாது. எழுந்தால் நேர்ச்சை முறிந்தது, போன சாவு திரும்பி வரும். இதை வேடிக்கை பார்க்க எங்கெங்கிருந்தோ கேமராவும் கையுமாக ஆட்கள் வந்திருந்தார்கள். தாமிரக் கொப்பரைகளில் ஆக்டோபஸ் வெந்துகொண்டிருந்தது. அந்த வாடையும் மெழுகுப் புகையும் யூகலிப்டஸ் காற்றும் கலந்து வீசின.

சாவின் வாசல்வரை போனவன் அவனில்லை. அவன் மகள் சபேலா. பிப்ரவரியில், மூளைக் காய்ச்சலில், பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் கையை விரித்த இரவில், சகதி அப்பிய தன் பழைய பச்சைக் கோட்டோடு நடைபாதையில் மண்டியிட்டு அவன்தான் நேர்ந்துகொண்டான். பிள்ளை பிழைத்தால் வெள்ளைப் பெட்டியில் படுக்கவைத்து நானே தோளில் தூக்கி வருகிறேன், தாயே. விடியும்போது காய்ச்சல் இறங்கியது. வீட்டுக்கு வந்ததும் அந்தக் கோட்டை அவன் எரித்துவிட்டான். ஆனால் திருநாள் நெருங்க நெருங்க, அந்தச் சின்ன உடம்பைப் பெட்டிக்குள் நினைத்துப் பார்க்கவே அவனால் முடியவில்லை. அவளுக்குப் பதிலாக நான் படுத்துக்கொள்கிறேன் என்று பங்குச்சாமியாரிடம் கேட்டான். அவரும் சரி என்றுவிட்டார்.

மனைவி பெனில்தே மட்டும் சரி என்று சொல்லவில்லை. இப்போதும் கையில் திரியோடு வந்து காதருகே கிசுகிசுத்தாள்.

“என்னங்க, நேர்ந்தது அவளை. தூக்குறேன்னு சொன்னது நீங்க. எல்லாத்தையும் தலைகீழா மாத்துறீங்க.”

“பெத்த பிள்ளையைப் பெட்டியில பாக்க எனக்குத் தெம்பு இல்லடி. மார்த்தம்மாளுக்கு அது புரியாதா?”

அவள் மார்த்தம்மாள் சுரூபத்துக்கு முன்னால் போகிற பெண்களோடு போய்ச் சேர்ந்துகொண்டாள்.

எலாதியோ தனக்கென்று வைத்திருந்த பெட்டியில் படுத்தான். தம்பி சிப்ரியானும் மைத்துனனும் இரண்டு சித்தப்பா மகன்களும் தூக்கினார்கள். திராட்சைப் பந்தலிலிருந்து விழுந்த நாளிலிருந்து வலது காலை இழுத்து நடப்பவன் எலாதியோ. “நீ நடந்து வர்றதுக்கு இது எவ்வளவோ தேவலை, அண்ணே,” என்றான் சிப்ரியான். அவர்களுடையதுதான் பவனியின் கடைசிப் பெட்டி.

வலப்பக்கம் சபேலா நடந்து வந்தாள். பெட்டியின் ஆட்டத்தில் அவனுக்கு வானமும் மர உச்சிகளும் மேட்டில் நிற்பவர்களின் முகங்களும்தான் தெரிந்தன. ஆனால் அவள் கையிலிருந்த மடக்கு விசிறி கேட்டுக்கொண்டே வந்தது. டிரக் என்று விரியும், டக் என்று மடங்கும். எவ்வளவு அதட்டினாலும் விடாத பழக்கம் அது. இன்றைக்கு அதைக் கேட்கக் கேட்க அவனுக்கு நிம்மதியாக இருந்தது. பேண்டு வாத்தியமும் வெடிச் சத்தமும் பாட்டும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து காதை அடைத்தபோதும், அந்தச் சின்னச் சத்தம் அவன் காதோரம் தனியாக நடந்து வந்தது.

கல்லறைத் தோட்டத்து வளைவு திரும்பும்போது வாத்தியம் ஓய்ந்தது. மேட்டில் நின்றவர்கள் அவனைப் பார்த்துச் சிரித்தார்கள், படம் எடுத்தார்கள். பெட்டி கடந்ததும் அவர்கள் பார்வை பின்னால் போனது. சிரிப்பு நின்றது. ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றினார். கேமராக்கள் கீழே இறங்கின. ஒருத்தி வாயில் கர்ச்சீப்பை அழுத்திக்கொண்டு சிலுவை போட்டாள்.

நாம்தானே கடைசி என்று நினைத்தான் எலாதியோ.

அப்புறம்தான் அந்தக் காலடிகள் கேட்டன. பின்னால், சரளைக்கல் பாதையில், பாரம் சுமக்கிறவர்களின் நடை. ஒரு அடி, ஒரு இழுப்பு. ஒரு அடி, ஒரு இழுப்பு. ஒருவன் இல்லை, நாலு பேர். நாலு பேரும் ஒரே காலை இழுத்து நடந்தார்கள். அந்த நடை அவனுக்குத் தெரியும். தினமும் தன் வீட்டுக் கல்தரையில் தன் காதாலேயே கேட்கிற நடை.

வெயிலில் வெந்துகொண்டிருந்த பலகைக்குள் அவன் முதுகு சில்லிட்டது.

விசிறியைத் தேடினான். வலப்பக்கம் சத்தம் இல்லை. அம்மாவிடம் ஓடியிருப்பாள் என்று சொல்லிக்கொண்டான். தாகம் எடுத்திருக்கும். பிள்ளைதானே.

டிரக்.

பின்னாலிருந்து கேட்டது. மூடிய பலகைக்குள்ளிருந்து.

டக்.

கத்தலாமா? கத்தினால் நேர்ச்சை முறியும். முறிந்தால் அவள் உயிர். கத்தாவிட்டால்? எதைச் செய்தாலும் அவள்தான். பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தான். கண்ணீர் இரண்டு பக்கமும் காதுக்குள் வழிந்தது. தான் அன்பு என்று நினைத்துச் செய்ததுதான் இதைக் கொண்டுவந்து விட்டது என்பது அவனுக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

டிரக். கொஞ்சம் மெதுவாக.

டக்.

அடுத்தது வரவில்லை. அவன் எழுந்து உட்கார்ந்தான்.

“அண்ணே, படு! கவுந்துரும்!” சிப்ரியான் அலறினான். பெட்டி சாய்ந்தது. எலாதியோ சரளையில் விழுந்து உருண்டான். யாரோ கைகொட்டிச் சிரித்தார்கள். “செத்தவன் எந்திரிச்சிட்டான்டோய்!”

அவன் தலையைத் தூக்கினான்.

வெள்ளைப் பெட்டி. மூடியோடு. இந்தப் பவனியில் யாருமே பெட்டியை மூடுவதில்லை. தூக்கி வந்த நாலு பேரும் பச்சைக் கோட்டு போட்டிருந்தார்கள். ஜூலை வெயிலில். கோட்டின் ஓரத்தில் பிப்ரவரிச் சகதி இன்னும் ஈரமாக இருந்தது. நிமிர்ந்து முகத்தைப் பார்த்தான். சவரம் செய்யாத, அழுது வீங்கிய முகம். அவன் முகம். நாலு பேருக்கும் அதே முகம். நாலு வாயும் ஒன்றாக முணுமுணுத்தன.

“நானே தூக்கிட்டு வர்றேன், தாயே. நானே தூக்கிட்டு வர்றேன்.”

“சபேலா எங்க?” பெனில்தே கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடி வந்தாள். “என்னங்க, புள்ள எங்க? உங்க பக்கத்துலதானே வந்தா!”

நாலு பேரும் நின்று பெட்டியைச் சரளையில் இறக்கினார்கள். அவன் பாய்ந்து மூடியைத் தள்ளினான். அது எளிதாக விலகியது.

சபேலா படுத்திருந்தாள். காலையில் அம்மா போட்டுவிட்ட மஞ்சள் கவுன் இல்லை. ஆஸ்பத்திரி அங்கி. மணிக்கட்டில் ஊசி குத்திய இடத்தில் பிளாஸ்திரி. உதடு காய்ச்சலில் வெடித்திருந்தது. நெஞ்சின்மேல் மடங்கிய விசிறி. கண் திறந்துதான் இருந்தது. அவனைப் பார்த்துக் கோபமாக, ரகசியமாகச் சொன்னாள்.

“பேசாதீங்கப்பா. எந்திரிக்கக் கூடாதுன்னு சொன்னீங்கல்ல. இன்னும் சுத்தி முடியலை.”

அவளைத் தூக்கக் கையை நீட்டினான். முன்னால் நின்றவன் அந்தக் கையை மெல்ல விலக்கினான். அதே காய்த்துப்போன விரல்கள், சாதாரணமான சூட்டோடு. மூடியை இழுத்துச் சரிசெய்தான்.

நாலு எலாதியோக்களும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். பவனி கோயில் பக்கம் திரும்பியது. அவர்கள் திரும்பவில்லை. செல்சோ பூட்டி வைத்திருந்த கல்லறைத் தோட்டத்து வாசலின் இரும்புக் கதவு அவர்களுக்குமுன் திறந்தே கிடந்தது. ஒரு அடி, ஒரு இழுப்பு. பெனில்தே பின்னால் ஓடினாள். எலாதியோவால் எழ முடியவில்லை. பெட்டியில் கிடந்தபோது கிடந்த மாதிரியே, கையும் காலும் நேராக, சரளைமேல் கிடந்தான்.

உள்ளே விசிறி ஒருமுறை விரிந்தது. மடங்கவில்லை.