குடில் நட்சத்திரம்

கேலப் எழுந்தான். பல் தேய்த்தான். ஒரு கப் காப்பி கலந்து நின்றுகொண்டே குடித்தான். சிங்கப்பூரின் புக்கிட் பாஞ்சாங்கில் ரயிலேறி லிட்டில் இந்தியாவில் இறங்கினான். மனைவி செரினா இறந்த பிறகு எல்லாச் சனிக்கிழமையும் இப்படித்தான்.

டன்லப் ஸ்திரீட் மாடியறையை அவனும் மார்வினும் ரக்ஷனாவும் சேர்ந்து வாடகைக்கு எடுத்திருந்தார்கள். சர்க்யூட் போர்டு செய்வதுதான் மூவருக்கும் பைத்தியம். வரைபடத்தை வழவழப்பான தாளில் அச்சடித்து, செம்பு ஒட்டிய அட்டைமேல் வைத்து இஸ்திரி போடுவார்கள். மை செம்பில் ஒட்டிக்கொள்ளும். பிறகு செம்பை அரிக்கும் கரைசலில் போட்டால் மை மூடிய கோடுகள் நிற்கும், மற்ற செம்பெல்லாம் கரைந்துபோகும்.

இன்று கேலப் இஸ்திரி போட்டது செரினாவின் கடைசி வரைபடம், சர்ச்சில் வைக்கும் கிறிஸ்துமஸ் குடிலுக்கான விளக்கு நட்சத்திரம். அவள் லேப்டாப் செத்துவிட்டது. மிஞ்சியது அந்த ஒரு தாள்தான்.

போர்டைத் தட்டில் போட்டுவிட்டு டீ வாங்கக் கீழே போனான். திரும்பி வந்து பார்த்தால், தட்டில் மொட்டை அட்டை. ஒரு கோடுகூட இல்லை.

ஜன்னலோரம் ஹெட்போனோடு ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்த ரக்ஷனா தனக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை என்றாள். அவள் மேசையில் நெயில் பாலிஷ் ரிமூவர் திறந்திருந்தது. வாசலோரம் மார்வின் புராட்டாவைக் குழம்பில் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். இப்போதுதான் வந்தானாம், தட்டுப் பக்கமே போகவில்லையாம்.

"ரிமூவர் பட்டா மை போயிடும்," என்றான் மார்வின். "அப்புறம் மொத்தச் செம்பும் கரையாம என்ன செய்யும்?"

ரக்ஷனாவின் முகம் வெளுத்தது. "ஈயம் வச்ச இடத்தைத் துடைக்க வச்சிருக்கேன் லா. செரினா போர்டை நான் தொடுவேனா?"

கேலப் தட்டை வெளிச்சத்தில் சாய்த்தான். பல மாதமாக மரத்துக் கிடந்த நெஞ்சு திடீரென்று அடித்துக்கொண்டது. கரைசல் பாலில்லாத டீ மாதிரி தெளிவாக இருந்தது. அவ்வளவு செம்பைத் தின்றிருந்தால் கலங்கிப் பச்சை தட்டியிருக்கும்.

"எதுவும் கரையலை. யாரோ குப்பையிலிருந்து பழைய அட்டையை எடுத்துப் போட்டிருக்காங்க. என் போர்டு பத்திரமா இருக்கு, இந்த ரூம்லயே."

அவன் பார்வை மார்வினின் மஞ்சள் விரல்களில் நின்றது.

"குழம்புடா," என்றான் மார்வின்.

"அப்போ கழுவு."

கேலப் சோப்பை நீட்டினான். வெள்ளைச் சட்டையில் குழம்பு சிந்தித் துவைத்த யாருக்கும் தெரியும், சோப்பு பட்டால் மஞ்சள்தூள் கறை சிவக்கும். மார்வின் தேய்த்தான். நுரை வழிந்தது. விரல் நுனிகள் சிவக்கவில்லை, அப்படியே மஞ்சளாக நின்றன.

"இது கரைசல் கறை. வெறுங்கையால எடுத்திருக்கே. மறைக்கத்தான் புராட்டா."

மார்வின் பையைத் திறந்தான். டிஷ்யூவில் சுற்றிய போர்டு, கோடுகள் ஒன்றும் கெடாமல். அதே சர்ச்சின் குடில் போட்டியில் அவன் குழுவின் குடிலும் இருந்தது. "அவ நட்சத்திரம் தொங்கினா எங்க குடிலை யாரு பார்ப்பா?" என்று முனகினான்.

கேலப் கையுறை மாட்டிக்கொண்டு போர்டைத் தட்டில் இறக்கினான். செம்பு மெல்ல விலகியது, நட்சத்திரத்தின் முதல் முனை தெரிந்தது. ரக்ஷனா மூச்சைப் பிடித்தபடி குனிந்து பார்த்தாள்.

செரினா கடைசியாக என்ன சொன்னாள் என்று சர்ச்சில் எல்லோரும் கேலப்பிடம் கேட்டார்கள். ஜெபம் சொன்னாள் என்று சொல்லிவைத்திருந்தான். உண்மையில் அவள் சொன்னது இதுதான்:

"போர்டு போடும்போது கிளவ்ஸ் மாட்டிக்கோ லா. கை மஞ்சளாச்சுன்னா ஒரு வாரத்துக்குப் போகாது."