இடது பின்கதவு

அடித்தளத்துக்கு இறங்கும்போதே எலக்ட்ரீஷியன் மூக்கைச் சுளித்தார். எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தின் கார் நிறுத்தம் அது. பட்டப்பகலிலும் விளக்குப் போட்டால்தான் எதிரே நிற்பவர் முகம் தெரியும். ஈரச் சிமெண்டு வாசனை. எங்கோ ஒரு குழாய் சொட்டும் ஓசை. அவரை எல்லோரும் 'ஷாக்கு' என்றுதான் கூப்பிடுவார்கள். கரண்டு அடித்தால் கையை உதறிவிட்டு வேலையைத் தொடர்கிற ஆள்.

நிறுத்தி வைத்த கார் காலையில் செத்துக் கிடக்கிறது, பேட்டரி மாற்றியும் பிழைக்கவில்லை என்று புலம்பினேன். எனக்கு ஊர் சுற்றும் ஆசையெல்லாம் இல்லை. ஆறு வயது மகளுக்கு இழுப்பு உண்டு; வீட்டுக்காரர் வெளியூர் வேலையில். அவளுக்கு மூச்சு முட்டினால் தூக்கிக்கொண்டு ஓடத்தான் இந்தப் பழைய காரை வாங்கினேன். போன வாரம் அது காலை வாரிவிட்டது. மகளின் உதடு நீலம் பாய, தெருவில் நின்று போகிற வண்டிக்கெல்லாம் கைகாட்டினேன். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஷாக்கு பேட்டரியின் ஒரு முனையைக் கழற்றி நடுவில் கரண்டு அளக்கும் மீட்டரை மாட்டினார். காரைப் பூட்டிவிட்டுக் காத்திருக்கச் சொன்னார். பூட்டிய கொஞ்ச நேரத்தில் உள்ளே இருக்கும் கருவிகள் அடங்கிவிட வேண்டுமாம். வண்டி தூங்குகிறது என்பார்களாம் அவர்கள் தொழிலில். என் மகளைத் தூங்க வைப்பதைவிடவா பெரிய பாடு என்றேன். சிரித்தார்.

மீட்டரில் எண் இறங்கி, கிட்டத்தட்ட பூஜ்யத்தில் நின்றது. சட்டென்று ஏறியது. இறங்கியது. மறுபடி ஏறியது.

"தூங்க விடாம எதுவோ எழுப்புதுக்கா," என்றார்.

ஃபியூஸ்களை ஒன்று மாற்றி ஒன்றாகப் பிடுங்கிப் பார்த்தார். கதவுகளுக்கான ஃபியூஸைப் பிடுங்கியபோதுதான் அந்த ஆட்டம் நின்றது. அதைத் திரும்ப மாட்டிவிட்டு, கதவு கதவாகக் காதை வைத்துக் கேட்டார். இடது பின்கதவில் வைத்த காதை எடுக்கவே இல்லை. நானும் வைத்தேன்.

டக்.

உள்பக்கத்துக் கைப்பிடியை இழுத்தால் வரும் சத்தம். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். காலி இருக்கை.

டக்.

அந்தக் கதவை நாங்கள் திறந்ததே இல்லை. அது ரிப்பேர் என்று சொல்லித்தான் தரகர் விலையைக் குறைத்திருந்தார். மகள் வலது பக்கமாகவே ஏறி இறங்குவாள். ஷாக்கு உள்ளே புகுந்து கதவின் அட்டையைப் பிரித்தார். டார்ச் அடித்து உள்ளே இரண்டு முறை பார்த்தார். பிறகு, வெளிக் கைப்பிடியின் கம்பி நழுவிக் கிடந்தது, மாட்டிவிட்டேன் என்றார். உள்ளிருந்து திறக்க முடியாதபடி சைல்டு லாக்கும் போடப்பட்டிருந்ததாம்.

வெளியே வந்து கதவைத் திறந்து, அந்த லாக்கையும் எடுத்துவிட்டார். ஈரத் துணியை மூடி வைத்தது போன்ற வாடை ஒன்று என்னை உரசிக்கொண்டு போனது. என் புடவைத் தலைப்பு அசைந்தது. அங்கே காற்று வர வழியே இல்லை.

மீட்டரில் எண் இறங்கியது. அதன் பிறகு ஏறவில்லை. நான் சந்தோஷமாகப் படியேறினேன்.

மறுநாள் கார் உடனே கிளம்பியது. அதற்கு அடுத்த நாளும். ஆனால் மகள் எழுந்திருக்கவில்லை. இழுப்பு இல்லை, காய்ச்சல் இல்லை. இரவெல்லாம் தூங்கியவள் காலையில் துவண்டு கிடந்தாள். பல் தேய்க்கக் கை தூக்க முடியவில்லை. டாக்டர் ரத்தம் எடுத்தார், நெஞ்சைப் படம் எடுத்தார், எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார். நாளுக்கு நாள் பிள்ளை உருகினாள்.

ஒரு சாயங்காலம் என் காதருகே வந்து சொன்னாள்: "அம்மா, ராத்திரி யாரோ என் கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டே இருக்காங்க."

ஷாக்குக்குப் போன் செய்தேன். நடந்ததை முழுதாகச் சொன்னேன்.

"அந்தக் கம்பி தானா நழுவலக்கா. யாரோ வேணும்னே கழட்டி விட்டிருந்தாங்க. அப்பவே தெரிஞ்சுது. நான்தான் சொல்லல."

வரச் சொன்னேன். வர மாட்டேன் என்றார்.

அன்றிரவே மகளைத் தூக்கிக்கொண்டு அடித்தளத்துக்கு இறங்கினேன். வலது பக்க இருக்கையில் அவளை உட்கார வைத்தேன். இடது பின்கதவை அகலத் திறந்து, அதன் விளிம்பில் இருந்த சைல்டு லாக்கைப் போட்டுவிட்டு, கதவருகே நின்றேன். பெற்ற பிள்ளையைத் தூண்டிலில் மாட்டிய பாவி நான். வேறு வழி தெரியவில்லை.

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

வாடை வந்தது.

மகளுக்குப் பக்கத்து இருக்கை மெல்ல அமுங்கியது.

அவளுடைய வலது கை மடியில் கிடந்தது. இடது கை மட்டும் தானாக உயர்ந்தது.

கதவை அறைந்து சாத்தினேன். காரைச் சுற்றிக்கொண்டு ஓடினேன். அந்த நாலு எட்டு தூரம் என் பிள்ளை அதனோடு தனியாக இருந்தாள். வலது கதவைத் திறந்து அவளை வாரி எடுத்து, காலால் உதைத்துச் சாத்தினேன்.

டக். டக். டக்.

மறுநாள் காலை மகள் என்னை எழுப்பினாள். பசிக்கிறது என்றாள். நான் கீழே ஓடிப்போய்ச் சாவியைத் திருப்பினேன். கார் செத்துக் கிடந்தது. ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு சந்தோஷத்தில் அழுதேன்.

அன்றிலிருந்து பகலில் சார்ஜர் போட்டுப் பேட்டரியை நிரப்புகிறேன். இரவில் அது தீர்க்கிறது. ஆத்திர அவசரத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரரின் வண்டியைக் கேட்டு வைத்திருக்கிறேன். காலையில் முதல் வேலையாகக் கீழே போய்ச் சாவியைத் திருப்பிப் பார்ப்பேன். செத்திருந்தால் நிம்மதியாக மேலே வந்து அடுப்பைப் பற்றவைப்பேன். கார் கிளம்பாததற்கு இப்படி மகிழ்கிறவள் நான் ஒருத்திதான்.

இன்று காலையும் போனேன். இடது பின்கதவு சாத்தியபடியே இருந்தது. சாவியைத் திருப்பினேன்.

கார் கிளம்பிவிட்டது.

நான் இன்னும் மேலே போகவில்லை. மகள் தூங்கிக்கொண்டிருக்கிறாள்.