மான்கள் பார்த்த இடம்

மான்கள் வண்டியைப் பார்க்கவில்லை. வண்டிக்கு அடியில் பார்த்தன.

தொடர்ந்து மூன்று நாள் நைட் டூட்டி பார்த்த அலுப்போடு மருத்துவமனை ஊழியர்களின் சுற்றுலாவுக்கு வந்திருந்த நர்ஸுக்கு, முதலில் அது தூக்கக் கலக்கம் என்றுதான் தோன்றியது. மடியில் ஆறு வயது மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். சஃபாரி வண்டியின் கம்பிவலை வழியாகப் பிற்பகல் வெயிலும், காய்ந்த புல் வாசனையும், டீசல் புகையும் மாறி மாறி உள்ளே வர, பின்சீட்டுக்காரர்கள் செல்போனை நீட்டிப் படம் எடுக்க, சாலையோரத்து மான்கள் அத்தனையும் மேய்ச்சலை விட்டு, கழுத்தைத் தாழ்த்தி, சக்கரங்களுக்கு நடுவே இருந்த இருட்டையே பார்த்து நின்றன.

சிங்கங்களின் வேலிக்குள் நுழைந்ததும் பின்னால் இரும்புக் கதவு மூடிக்கொண்டது. மரத்தடியில் படுத்திருந்த ஆண் சிங்கம் எழுந்து வண்டியின் அடியைப் பார்த்தது. பிறகு வாலைச் சுருட்டிக்கொண்டு பின்வாங்கியது.

"அதுக்கும் டூட்டி முடிஞ்சிடுச்சு போல" என்றார் பக்கத்து சீட்டில் இருந்த பெரிய சிஸ்டர். எல்லோரும் சிரித்தார்கள்.

டிரைவர் சிரிக்கவில்லை. "பதினோரு வருஷமா ஓட்டுறேன். இது இப்படிப் பண்ணி நான் பார்த்ததே இல்ல."

அப்போதுதான் நர்ஸுக்கு அது கேட்டது. தரைத் தகட்டுக்குக் கீழே ஏதோ ஒன்று ஈரத்துணியை இழுப்பதுபோல முன்னிருந்து பின்னால் மெல்ல நகர்ந்தது. கூடவே ஒரு வாடை. நாள்பட்ட புண்ணின் கட்டைப் பிரித்ததும் முகத்தில் அடிக்குமே, அந்த வாடை.

"அக்கா, கீழ ஏதோ சத்தம் கேக்குது."

"கல்லு தட்டியிருக்கும். நீ கொஞ்சம் கண்ண மூடு. மூணு நாளா தூங்காத மூஞ்சி."

நம்பிவிடலாம் என்றிருந்தது. அவ்வளவு அசதி. கண்ணை மூடினாள்.

என்ஜின் நின்றது. வெளியே போகும் கதவுக்குப் பத்தடி முன்னால். டிரைவர் சாவியைத் திருகிக்கொண்டே இருந்தார். வண்டி உறுமக்கூட இல்லை.

இழுபடும் சத்தம் மட்டும் நிற்கவில்லை.

டிரைவர் வாக்கிடாக்கியில் கூப்பிட்டார். காவலாளி வந்து கதவைப் பாதி திறந்தான். குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தான்.

நிமிர்ந்தபோது அவன் முகத்தில் ரத்தமே இல்லை.

"என்னப்பா ஆச்சு?" என்றார் டிரைவர்.

அவன் கதவை இழுத்து மூடினான். பூட்டினான். பூட்டு விழுந்ததா என்று ஆட்டிப் பார்த்தான்.

"கதவத் திறப்பா! உள்ள குழந்த இருக்கு!" பெரிய சிஸ்டர் கம்பிவலையில் அறைந்தார்.

காலடித் தகட்டில் ஒரு ஸ்க்ரூ சுழன்றது. மேலே எழுந்தது. உருண்டது. அடுத்தது.

ஒவ்வொருவராகக் கால்களைத் தூக்கிச் சீட்டில் வைத்துக்கொண்டார்கள். நர்ஸ் மகளின் கால்களை நெஞ்சோடு மடித்துப் பிடித்தாள். கத்த வேண்டும். தெம்பில்லை.

"அம்மா, வந்துட்டோமா?"

"தூங்குடா கண்ணு."

மூன்றாவது ஸ்க்ரூ.

தகட்டின் ஓரம் விரலளவு உயர்ந்தது. அவள் கீழே பார்க்கவில்லை. கதவைப் பார்த்தாள். வலைக்கு அந்தப் பக்கம் காவலாளி தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்திருந்தான். அவனுக்குப் பின்னால் பூங்கா ஆட்கள் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். அவர்களும் தொப்பியைக் கழற்றினார்கள். தலை குனிந்தார்கள்.

ஒருவரும் பூட்டைத் தொடவில்லை.