வட்டத்தின் குறுக்கே ஒரு கோடு

மதியம் 1.20. கணிதத் துறை அலுவலக மேசையிலிருந்த கோப்பு காணாமல் போயிருந்தது.

அது தர்க்கக் கணித விரிவுரையாளரின் பத்தொன்பது வருட உழைப்பு. கையால் எழுதிய நிரூபணமும், வெளியூர் அறிஞர் மூவர் அரக்கு முத்திரையிட்டு அனுப்பிய மதிப்புரைகளும் அதில் இருந்தன. மூன்று மணிக்குத் தேர்வுக் குழு. கோப்பு இல்லையென்றால் பேராசிரியர் பதவி கைநழுவிவிடும். அடுத்த குழு கூடுவதற்குள் அவர் ஓய்வுபெற்றுவிடுவார்.

அவர் ஃபோன் செய்ததும் அவருடைய தங்கை ஓடிவந்தாள். பக்கத்து அஞ்சலகத்தில் தபால் பிரிப்பது அவள் வேலை. கடிதம் தொலைந்தால் பதற மாட்டாள், விசாரிப்பாள்.

"யார் மேல சந்தேகம்?"

"அல்ஜீப்ராக்காரன்தான். அவனும் இதே பதவிக்கு நிக்கிறான். மூஞ்சிக்கு நேராவே கேட்டுட்டேன்."

"கேட்டுட்டியா? நல்லாருக்கு போ!"

அண்ணன் நாற்காலியில் குடை தொங்கியது. அதன் பிடியில் ஒரு வட்டம், குறுக்கே ஒரு கோடு. ஒன்றுமே இல்லாத கணத்துக்கு, அதாவது வெற்றுக்கணத்துக்கு, அதுதான் குறி. மாணவர்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயரும் அதுவே. அவரும் பெருமையாக அதைத் தம் பொருள்களில் எல்லாம் போட்டுக்கொள்வார்.

1.35. வராந்தாவில் அல்ஜீப்ராக்காரர் கொதித்துக்கொண்டிருந்தார்.

"காலையில எங்க இருந்தீங்க, சார்?"

"வகுப்புல. அறுபது பேர் சாட்சி. உங்க அண்ணன் எழுதுறதுல ஒரு வரி எனக்குப் புரியாது. திருடி நான் என்னம்மா பண்ண?"

1.50. அலுவலக எழுத்தர் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சார் பேர் போட்ட கோப்பை நான் பார்க்கவே இல்ல."

"மேசையை யார் ஒழிச்சது?"

"நான்தான். குழு வருதேன்னு, ரத்தான விண்ணப்பங்களை மட்டும் மூட்டை கட்டினேன்."

"ரத்துக்கு என்ன அடையாளம் போடுவீங்க?"

அம்மாள் தாளில் ஒரு வட்டம் வரைந்து குறுக்கே கோடு இழுத்தார்.

தங்கை துள்ளி எழுந்தாள். "மூட்டை எங்க?"

"பின்பக்கம். பழைய பேப்பர் வண்டி வர்ற நேரம்!"

2.10. வண்டிக்காரர் மூட்டையைத் தூக்கும்போது அண்ணன், தங்கை, எழுத்தர் அம்மாள் மூவரும் ஓடிப்போய்ப் பிடித்துவிட்டார்கள். மூட்டையில் நாலாவதாக இருந்தது அந்தக் கோப்பு. முத்திரைகள் அப்படியே இருந்தன.

"ஆளைக் கண்டுபிடிச்சாச்சு," என்றாள் தங்கை. "நீதான், அண்ணா."

"நானா?"

"மேலே உன் பேரையா எழுதினே? வட்டத்தைப் போட்டுக் கோட்டை இழுத்து வெச்சிருக்கே. உனக்கு அது வெற்றுக்கணம். இவங்களுக்கு அது ரத்து. உன் உழைப்பை நீயே ரத்து பண்ணிட்டு ஊரைச் சந்தேகப்பட்டிருக்கே!"

அவர் தலையில் அடித்துக்கொண்டார். நேராக அல்ஜீப்ராக்காரரிடம் போனார். "அவசரத்துல வாயை விட்டுட்டேன், சார். மன்னிச்சிடுங்க."

"முதல்ல முகத்தைக் கழுவுங்க. இப்படியே உள்ளே போனா எனக்கே பதவியைக் கொடுத்துடுவாங்க."

4.10. தேர்வுக் குழு அறையின் கதவு திறந்தது. அண்ணன் வந்து பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தார். "என்னாச்சு?" என்றாள் தங்கை.

"எனக்கே கொடுத்துட்டாங்க," என்றார். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத மனுஷர். "பசிக்குது, பாப்பா."